எண்ணெயில் பாராத முகம்

லாச்சப்பல், பாரிஸ்
12.10.1986

அன்புள்ள தங்கச்சி யோகராணிக்கு,

குளிர் தொடங்கிட்டுது, மற்றபடி எனக்கு ஒரு குறையுமில்லை. உன்ர கடிதம் ஏன் இவ்வளவு பிந்துது? அண்ணை இருக்கிறானோ செத்தானோ எண்டு கவலையே இல்லைப் போல.

உன்ர மோன் குகனேசனை உடனை இஞ்சை அனுப்பு. ஷெல் விழுகிற ஊரில வளர்ந்த பெடியனைப் பொத்தி வைச்சு என்ன காணப்போறாய்? வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரனோடை கதைச்சிட்டன். ரூ பஜோல் தெருவில என்ர அறையில மருமோனுக்குக் கட்டிலும் போட்டிட்டன். நான் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவிறன், அவன் படிக்கட்டும். எனக்கு வேறை ஆர் இருக்கினம்?

அண்ணை
தவரத்தினம்

மானிப்பாய்
9.11.1986

அன்புள்ள அண்ணைக்கு,

கோவிக்காதேங்கோ, குகன் வரமாட்டான். அவன் கொடி சுத்திப் பிறந்தவன், மாமனுக்கு ஆகாது எண்டு சாத்திரியார் சொன்னதை மறந்திட்டியளோ? எண்ணெயில பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ, தோசம் போகும் எண்டு அம்மா கிண்ணத்தோடை நிக்க, நீங்கள் சிரிச்சுக்கொண்டு நேரே தூக்கிக் கொஞ்சினீங்கள். அண்டையிலிருந்து எனக்குப் பயம். உங்கள் இரண்டு பேரையும் ஒரு அறைக்குள்ளை விட ஒருக்காலும் சம்மதியன்.

மாமாட்டைப் போகவேணும் எண்டு அவன் என்னோடை கதையாமல் திரியிறான்.

தங்கச்சி
யோகராணி

லாச்சப்பல்
30.11.1986

அடி விசரி,

எங்கட பிரெஞ்சு வகுப்பு மிஸ் ஒரு நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. பழைய கிரேக்கக் கதை. பிள்ளையால தகப்பனுக்குச் சாவு எண்டு குறி சொல்ல, ராசா பயந்து பிள்ளையை மலையில போடுவிக்கிறான். அது வேறை வீட்டில வளர்ந்து, ஆரெண்டு தெரியாமலே தகப்பனை வழியில அடிச்சுக் கொல்லுது. பக்கத்தில வைச்சு வளர்த்திருந்தால் கை ஓங்கியிருக்குமோ? பயந்து செய்த வேலைதான் ராசாவை விழுத்தினது. நீயும் அதைச் செய்யாதை. பிள்ளையை அனுப்பு.

அண்ணை

மானிப்பாய்
4.1.1987

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கட கதையைத் திருப்பித் திருப்பி வாசிச்சன். கடைசியில குறி சொன்னவன்ர சொல்லுத்தானே பலிச்சது? மலையில போட்டும் விடாதது, பக்கத்தில வைச்சால் விடுமோ? எனக்குச் சாட்சி சொல்லிப்போட்டு என்னையே விசரி எண்டுறியள்.

ஏஜென்சிக்காரன் வந்தவன், திருப்பி அனுப்பிப்போட்டன். குகன் களவாய்ப் போயிடுவான் எண்டு பின் அறையில பூட்டி வைச்சிருக்கிறன். ஏசுங்கோ அண்ணை. நீங்கள் உயிரோடை இருந்தால் எனக்குக் காணும்.

யோகராணி

லாச்சப்பல்
26.3.1987

யோகராணி,

உன்ர பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் எழுதினது கிடைச்சது. எல்லாரும் பங்கருக்குள்ளை ஓட, நீ சாவியைத் தேடினியாம். அதுக்குள்ளை பின் அறையில ஷெல் விழுந்திட்டுதாம். ஐயோ, என்ர பிள்ளை கதவைத் தட்டியிருப்பானே.

"இது விதியோ, நான் செய்ததோ" எண்டு என்னட்டைக் கேக்கச் சொன்னியாம். விதி எண்டு சொல்லி உன்னைத் தேற்றத்தான் பேனையை எடுத்தன். ஏலேல்லை. அந்தக் கதவைப் பூட்டினது உன்ர கை. அதுவும் எனக்காக.

மாமனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. சாப்பிடுறன், மெற்றோவில வேலைக்குப் போறன், கோப்பை கழுவிறன். அவன்ர கட்டிலில விரிச்ச போர்வை அப்பிடியே கிடக்கு.

சாத்திரியார் சொன்னது சரிதான். இதைவிட மாமனுக்கு இனி என்ன வரக்கிடக்கு?

எனக்கு இனி எழுதாதை.

தவரத்தினம்