கயர் படாத சேட்டு

அம்மா,

நேற்றுக் காலை கிணற்றடிக் கதலியில் குலை வெட்டினோம். வழக்கம்போல நான் பின்னுக்கு நின்று குலையை ஏந்தினேன். வழக்கம்போல என் புதுச் சட்டையில் கயர், அந்த வாழைச் சாறு, வடிந்தது. அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கொம்மா இருந்திருந்தால் இப்ப ரண்டு பேருக்கும் நல்ல பேச்சு விழுந்திருக்கும்" என்றார். வாழைக்கயர் பட்டவுடன் தண்ணீர் போலத்தான் இருக்கும். காய்ந்தால் கறுத்துவிடும், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. எங்கள் வாழை ஊரான நீர்வேலியில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கறையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது.

அது யுத்த காலம். எனக்கு அப்போது பதினான்கு வயது. சைக்கிளில் குலை கட்டிச் சந்தைக்குப் போன அப்பாவைச் சந்தேகத்தில் பிடித்து, தெற்கே ஒரு சிறையில் போட்டிருந்தார்கள். நீங்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். ஒருநாள் அந்தச் சிறையில் கலவரம், தீ, பலர் சாவு என்று வானொலியில் சொன்னார்கள். அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, அன்றே புறப்பட்டுப் போனார். ஐந்தாம் நாள் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்து முற்றத்தில் அப்படியே இருந்துவிட்டார்.

"உடலைத் தரேலாதாம், எரிஞ்சு போச்சாம். உடுப்புத்தான் தந்தவங்கள்" என்றார். செத்தவர்களின் பட்டியலில் அப்பாவின் பெயரைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பைக்குக் கையெழுத்தும் வைத்திருக்கிறார்.

வீடு முழுக்க அழுகை. நானும் தலையில் அடித்து அழுதேன். நீங்கள் மட்டும் பையை அவிழ்த்து, உள்ளே இருந்த இரண்டு சட்டைகளையும் வெயிலில் விரித்துப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அத்தான், இது இவரின்ரை சேட்டில்லை" என்றீர்கள் பெரியப்பாவிடம்.

"பிள்ளை, அவரின்ரை பேர் எழுதிக் கட்டித்தான் தந்தவங்கள்."

"பேரை ஆரும் எழுதலாம். இதிலை ஒரு துளிக் கயர் இல்லை. பதினாறு வருசமாத் தோய்க்கிறன். இவரிட்டைக் கயர் படாத சேட்டு ஒண்டுமில்லை. கலியாணத்துக்குப் போட்ட சேட்டிலையும் கிடக்குது."

"சிறைக்குள்ளை ஆரும் குடுத்திருப்பினம்."

"அப்ப நான் குடுத்துவிட்ட நாலும் எங்கை?"

பெரியப்பா சேட்டுகளை வாங்கித் திரும்பவும் பைக்குள் திணித்தார். ஆனால் அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. முப்பத்தோராம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்தால்தான் துடக்கு, அந்தச் சாவுத் தீட்டு, கழியும், அதன்பிறகுதான் நல்ல காரியம் நடக்கும். நீங்களோ செத்த வீடே இல்லை என்றீர்கள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாகத் தோட்டத்துக்குப் போனீர்கள், வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிட்டீர்கள். "உவளுக்கு விசர்" என்று, பைத்தியம் என்று, எங்கள் காதுபடவே சொன்னார்கள். சொந்தங்கள் எங்கள் படலையைத் தாண்டி வருவதை நிறுத்தினார்கள். பெரியப்பா உங்களைக் கேட்காமலே ஐயரைப் பேசி நாளும் குறித்தார்.

இத்தனைக்கும் மேலாக நான் செய்ததுதான் பெரிய கொடுமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கண்டதும் கதையை நிறுத்துவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பெரியப்பா சொல்லுறதைச் செய்து, அந்தப் பொட்டை அழியுங்கோவன் அம்மா. எனக்கு வெக்கமாக் கிடக்குது" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ தெரியவில்லை. நீங்கள் அடிக்கவில்லை, ஏசவுமில்லை.

"உந்தச் சேட்டை ஒருக்கா விரிச்சுப் பார்த்தனியோ?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"இல்லை."

"பாக்காமல் எப்பிடியடி அழுதனி?"

முப்பதாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். சிறை வாசலில் பையை மேசையில் வைத்தீர்கள். தமிழ் தெரிந்த ஒரு காவலரைக் கூப்பிட்டார்கள். நான் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆரோ பெத்த பிள்ளையின்ரை உடுப்பு. அந்தத் தாய் தேடிக்கொண்டிருப்பா, அவவிட்டைக் குடுங்கோ. என்ரை மனிசனை எனக்குக் காட்டுங்கோ" என்றீர்கள்.

அந்தக் காவலர் பையைப் பார்த்தார், உங்கள் நெற்றியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பதிவுக் கொப்பியோடு வந்தார். அடிபட்டவர்கள் சிலரை வேறொரு சிறையின் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அவர்களில் ஒருவருக்குப் பெயர் எழுதப்படவில்லை. இடத்தைத் துண்டில் எழுதித் தந்தார்.

மறுநாள், ஊரில் ஐயர் கீரிமலையில் காத்திருந்த அதே முப்பத்தோராம் நாள், கம்பி வலைக்கு அப்பால் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மொட்டைத் தலை, அதைச் சுற்றிக் கட்டு. தோளில் கறுத்துப்போன கயர்க் கறையோடு அவருடைய பழைய நீலச் சேட்டு. நினைவு திரும்பித் தன் பெயரைச் சொன்னாராம். அந்தப் பெயர்க்காரன் செத்துவிட்டான், பொய் சொல்லாதே என்றார்களாம். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இஞ்சாரும், கதலிக்குத் தண்ணி விட்டனீரோ?"

அந்த முப்பத்தொரு நாளும் அழாத நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள். அழுதுகொண்டே அவரை ஏசினீர்கள். வலைக்கு இரண்டு பக்கமும் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஊர் திரும்பியபோது பெரியப்பா கோபத்தில் படலையடியிலேயே நின்றார். நீங்கள் பஸ் களைப்பைக் கூட ஆற்றாமல் சொன்னீர்கள்: "அத்தான், மகளின்ரை கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ. எங்களுக்குத் துடக்கு ஒண்டும் இல்லை." அவர் படலையைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு குழந்தைப் பிள்ளை மாதிரி விம்மினார். அந்தக் கலியாணத்தில் ஆரத்தி எடுக்க முதலில் கூப்பிட்டது உங்களைத்தான். உங்களுக்கு விசர் என்றவர்கள் எல்லாம் அன்று உங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடிக்க முண்டியடித்தார்கள்.

நான்கு வருடம் கழித்து, வழக்கில் ஒன்றுமில்லை என்று அப்பாவை விட்டார்கள். வந்த அன்று பின்னேரமே தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். அந்த இரண்டு சேட்டும் யாருடையவை என்று கடைசிவரை தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் அந்தச் சிறை எரிந்த நாளில் பிள்ளையார் கோயிலில் நீங்கள் விளக்கேற்றியது அந்தத் தாய்க்காக என்று எனக்குத் தெரியும்.

போன வருடம் நீங்கள் கண்மூடியபோது, "கலியாணக் கூறையை எடுங்கோ, அவ சுமங்கலி" என்று எல்லோருக்கும் முதல் சொன்னவர் பெரியப்பாதான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, அப்பாவுக்கு வழி விட்டார். கயர் ஏறிக் கறுத்த விரலால் அப்பா உங்கள் நெற்றியில் குங்குமம் வைத்தார். அழி என்று நான் சொன்ன அதே இடத்தில். வென்றுவிட்டீர்கள் அம்மா. எங்கள் எல்லோரையும் வென்றுவிட்டுத்தான் போனீர்கள்.

இப்போதும் யாராவது கெட்ட செய்தியோடு வந்தால் நான் உடனே அழுவதில்லை. முதலில் வாங்கி, வெயிலில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறேன்.