சாரம் மட்டும் ஒழுங்கில்லையாம்

அன்புள்ள மைமூனா, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி எப்படி?

வேலை முடிந்த பிறகும் இந்த விமானத் திடலில் நான் இடுப்பில் சாரம் உடுக்கக் கூடாதென்று மேலாளர் சொல்லிவிட்டார். இது அநியாயம். எஞ்சின் இல்லாத விமானம் ஓட்ட வருகிறவர்களை நீ பார்க்க வேண்டும். கிழிந்த அரைக்காற்சட்டை, காலுக்கொரு நிறத்தில் காலுறை, ஆடு மென்று துப்பியது போல ஒரு தொப்பி. அது ஒழுங்கான உடுப்பாம்.

"காக்கா, சாரத்த விட்டுட்டுக் களிசானப் போடுங்க, வேல போயிரும்," என்றான் என்னோடு காவல் பார்க்கும் றிபாஸ்.

"போனாப் போகட்டும்," என்றேன்.

நேற்று அந்த விமானிகளில் ஒருவர், தொடையில் வெயில் சுடுகிறதென்று கொடியில் காய்ந்த என் சாரத்தை இரவல் வாங்கி, உடுத்துக்கொண்டு பறந்தார். மேலாளர் சிரித்துக் கைகாட்டினார்.

அவர் சாரத்தைத் திருப்பித் தர வேண்டும். மேலாளர் தடையை எடுக்க வேண்டும். நீ மருதமுனையில் இன்னும் இரண்டு சாரம் வாங்க வேண்டும். மகன் பஹ்மி அதை யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும். மகள் சஹ்லா ஜும்ஆவுக்குப் பிறகு எனக்குப் போன் எடுக்க வேண்டும், விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

கலந்தர்