ஏழாவது கேள்வி

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
1995 ஏப்ரல் 9, ஞாயிறு

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு,

உன் பெரிய கவர் வந்து மூன்று வாரமாகிறது. இன்றைக்குத்தான் முழுசாகப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டாதே. ஓவியாவை மடியிலிருந்து இறக்கினால் ஊரைக் கூட்டுகிறாள். மூன்று மாதக் குழந்தைக்கு இவ்வளவு குரலா! இந்தக் கடிதமே மூன்று தவணையாக எழுதுவது, மை மாறுவதைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும்.

உன் ஆராய்ச்சிக்கு நீ நிரப்பிக் கேட்ட பதினைந்து கேள்விப் படிவங்களும் இத்துடன் இருக்கின்றன. எப்படி வாங்கினேன் தெரியுமா? போன ஞாயிறு ஓவியாவுக்குப் பெயர் வைக்கும் விசேஷம். இந்தப் பக்கத்து நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நீ சொன்னபடி இரண்டு வருஷத்துக்குள் பிள்ளை பெற்றவர்களாகப் பார்த்துப் பிடித்தேன். என்னோடு சேர்த்துப் பதினைந்து. சாப்பாடு முடிந்ததும் டேபிளைச் சுற்றிப் பரீட்சை ஹால் மாதிரி உட்கார்ந்தோம். அவரவர் மாமியாரும் அம்மாவும் சோபாவில். பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி ஆன்ட்டிக்குப் பேரனே ஹைஸ்கூல் போகிறான், ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார்.

“ஏழாவது. பெத்து ரெண்டு வாரத்துக்குள்ள நீங்களோ கொழந்தையோ மறுபடி ஹாஸ்பிடலுக்குப் போனேளாங்கறான். நல்ல நாளும் அதுவுமா என்ன கேள்விடி இது! எல்லாரும் இல்லைன்னே டிக் பண்ணுங்கோ.”

ஒரே சிரிப்பு. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. உன் ஆசிரியர் இவ்வளவு வேகமாக யாரிடமும் வாங்கியிருக்க மாட்டார்.

மற்றபடி புலம்பல்தான். அம்மாவின் விசா ஜூலை வரைதான். இவர் காலை ஏழுக்குப் போனால் இரவு எட்டு. எக்கனாமிக்ஸில் எம்.ஏ. வாங்கிவிட்டு டயபர் கூப்பன் வெட்டிக்கொண்டிருக்கிறேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் கிடந்த இரண்டு பேரில் நீயாவது பிஎச்.டி. முடித்து டாக்டராகிவிடு. அதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்கிறேன்.

குட்டி முகுந்துக்கு என் முத்தங்கள்.

உன்
வான்மதி

*

காப்பெல், டெக்ஸாஸ்
1995 ஏப்ரல் 20

என் வான்மதிக்கு,

உன் கவரைப் பிரித்ததும் குதித்தேன். உன் பதினைந்தோடு மொத்தம் அறுபத்திரண்டு ஆயிற்று. மற்ற ஊர்களிலிருந்து வந்ததில் பாதிக் கேள்விக்குப் பதிலே இல்லை. உன்னுடையவை மட்டும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பியிருந்தன.

இது எதற்கு என்று உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை, இல்லையா? பிரசவமானதும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினால் செலவு மிச்சம் என்கின்றன இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள். எங்கள் பிசினஸ் ஸ்கூலில் இதைத்தான் இரண்டு வருஷமாகத் தோண்டுகிறோம். நான் எடுத்துக்கொண்டது இந்தியக் குடும்பங்கள். அறுபத்திரண்டு பேரில் திரும்ப ஹாஸ்பிடல் போனவர்கள் இரண்டே பேர்! ஊரிலிருந்து அம்மா வந்து பார்த்துக்கொள்ளும் வீடுகளில் ஒரு நாள் போதும், கெடுதல் ஒன்றுமில்லை. இதுதான் என் முடிவு. ஆசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தே ஒரு வருஷமாகிறது. நேற்றுச் சிரித்தார். ஜூன் பதினைந்தாம் தேதி சிகாகோ மாநாட்டில் நானே வாசிக்கிறேன். எங்களுக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒரு பிரதி கேட்டிருக்கிறது. என் ஃபெல்லோஷிப் இன்னொரு வருஷம் நிச்சயம்.

உன் பரீட்சை ஹால் கூத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். அதை ஆசிரியரிடம் சொல்லவில்லை, பயப்படாதே.

ஷ்யாமளா

*

பார்சிப்பனி
1995 ஏப்ரல் 30

அன்புள்ள ஷ்யாமளா,

சந்தோஷப்பட வேண்டிய கடிதம் உன்னுடையது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ஏழாவது கேள்விக்கு நான் போட்ட பதில் பொய்.

ஓவியா பிறந்து இருபத்தாறு மணி நேரத்தில், ஜனவரி பத்தாம் தேதி சாயங்காலம், என்னை வீல்சேரில் வைத்துக் காருக்குத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் பூராவும் அவள் தூங்கினாள். “தங்கமாட்டத் தூங்குது, எழுப்பாத கண்ணு” என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. பன்னிரண்டாம் தேதி காலையில் ஜன்னல் பக்கம் தூக்கிப் போனேன். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. மார்பில் வைத்தால் உறிஞ்சவில்லை. டாக்டர் ஆபீசுக்கு இவர் போன் செய்தால், சகஜம்தான், வெயிலில் காட்டுங்கள் என்கிறாள் நர்ஸ். ஜனவரி மாதத்தில், நியூ ஜெர்சியில், வெயில்! சாயங்காலத்துக்குள் உள்ளங்கால் வரை மஞ்சள். ஓடினோம். ஐந்து நாள் நீல விளக்குக்கு அடியில் கண்ணைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ரத்தத்தை மாற்ற வேண்டி வரலாம் என்று ஒரு காகிதத்தில் இவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

பிறகு ஏன் இல்லை என்று போட்டாய் என்பாய். ஊரில் அப்பாவுக்கே இது தெரியாது. விசேஷத்தன்று பேனாவை எடுத்தபோது அம்மா காதோரம் வந்து, “புள்ளைக்குச் சீக்குன்னு காயிதத்துல எழுதி வெச்சா அது நெலச்சுப் போயிரும், வேண்டாஞ் சாமி” என்றார். நான் படித்தவள்தான். ஆனாலும் கை எழுதவில்லையடி. இதைக் கணக்கில் எடுத்து முடிவு சொல்வார்கள் என்று அப்போது மண்டையில் ஏறவில்லை. உனக்கு ஒரு உதவி, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இந்த வாரம் மற்றப் பதினாலு பேரையும் ஒவ்வொருத்தியாகப் போனில் பிடித்தேன். மாமியார் குளிக்கப் போகட்டும் என்று காத்திருந்து பேசினாள் ஒருத்தி. நான்கு பேர் திரும்பப் போனவர்கள். என்னோடு ஐந்து. பதினைந்தில் ஐந்து, ஷ்யாமளா. மாற்றிவிடு. உன்னால் முடியும்தானே?

வான்மதி

*

காப்பெல்
1995 மே 11

வான்மதி,

முதலில் ஓவியா நன்றாக இருக்கிறாளா? இருக்கிறாள் என்று நம்புகிறேன்.

மாற்ற முடியாது. அது பெயரில்லாத படிவம். எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தாளில் எழுதிக் கொடுத்ததைப் போனில் கேட்டுத் திருத்த ஆரம்பித்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, பஞ்சாயத்து. இப்போது ஐந்து பேர் பொய் என்கிறாய். மீதிப் பத்துப் பேர் உன்னிடம் போனில் சொன்னது மட்டும் மெய் என்று யார் சொல்வது?

படித்தவள் நீ. ஒரு கேள்வித்தாளில் போய் இப்படி எழுதுவாயா? மாநாட்டு நிகழ்ச்சி நிரலில் என் பெயர் அச்சாகிவிட்டது. முகுந்தைக் காலை ஏழரைக்கு டேகேரில் விட்டால் ஆறு மணிக்குத்தான் எடுக்கிறேன். போன வாரம் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டான். இரண்டு வருஷம் இப்படிப் போயிருக்கிறது. இதை இப்போது கலைத்தால் ஃபெல்லோஷிப் போகும், ஃபெல்லோஷிப் போனால் என் விசாவும் போகும்.

“பதில்கள் தாய்மார்கள் தாங்களே சொன்னவை” என்று கட்டுரைக் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

ஷ்யாமளா

*

பார்சிப்பனி
1995 மே 22

ஷ்யாமளா,

ஒரு வரியா?

அந்த ஒரு வரியை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் படிப்பானா? அவன் படிக்கப் போவது ‘கெடுதல் ஒன்றுமில்லை’ என்பதைத்தான். இங்கே, பிள்ளை பெற்றவளை இரண்டு நாளாவது வைத்திருக்கச் சட்டம் வேண்டும் என்று டிவியில் தினம் பேசுகிறார்கள். சட்டசபையில் எவனாவது உன் தாளைத் தூக்கிக் காட்டினால்? அம்மா ஊரிலிருந்து வந்தால் போதும் என்கிறாய். மூன்று பிள்ளை பெற்று வளர்த்த என் அம்மாதான், எழுப்பாத கண்ணு என்றார். எங்கள் காம்ப்ளெக்ஸிலேயே ஒரு பெண்ணுக்கு ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு வந்து பார்க்க அம்மாவே கிடையாது.

நாங்கள் பொய் எழுதியது தப்பு. நூறு தடவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எப்படி எழுதினோம் என்று உனக்கு நான் ஏப்ரலிலேயே எழுதினேன். நாகலக்ஷ்மி ஆன்ட்டி சொல்லச் சொல்ல எல்லாரும் சேர்ந்து டிக் பண்ணினோம் என்று எழுதினேன். உன் தொழிலில் அது செல்லாது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆசிரியரிடம் சொல்லவில்லை என்றாய்.

நான்கு பெண்களும் அவரவர் கையால் நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தேதி, ஹாஸ்பிடல் பில் நகல் எல்லாம், என்னுடையதும் சேர்த்து, உள்ளே இருக்கிறது. ஒருத்தி தையல் பிரிந்து ஜுரத்தோடு போனவள். அதை எழுதவே வெட்கப்பட்டு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். திருத்த முடியாவிட்டால் எங்கள் பதினைந்தையும் எடுத்துப் போட்டுவிடு. நீயே ஆசிரியரிடம் போய்ச் சொல். நீ சொன்னால் அது வேறு மாதிரி இருக்கும்.

ஜூன் முதல் தேதிக்குள் ஒரு போஸ்ட் கார்டாவது போடு.

வான்மதி

*

பார்சிப்பனி
1995 ஜூன் 5, திங்கள்

அன்புள்ள ஷ்யாமளா,

பதில் வரவில்லை. இரண்டு தடவை போன் செய்தேன். ஆன்ஸரிங் மெஷினில் முகுந்தின் மழலைதான் பேசுகிறது. வைத்துவிட்டேன்.

இன்று காலை உன் ஆசிரியருக்குத் தபால் போட்டுவிட்டேன். படிவத்தின் முதல் பக்கத்தில், ஏதாவது கேட்பதானால் இவருக்கு எழுதுங்கள் என்று நீதான் விலாசம் போட்டிருந்தாய். உனக்குத் தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்று இதையும் அதே பெட்டியில் போடுகிறேன்.

இவர் முதலில் ஒப்பவில்லை. “கிரீன் கார்டு பேப்பர் போயிருக்கற நேரம். பேரெல்லாம் போட்டு எதுக்கு இந்த வம்பு? அவ உன் ஃப்ரெண்டுதானே, விடேன்” என்றார். நீ என் சிநேகிதி என்பதுதான் என்னையும் இத்தனை நாள் கட்டிப்போட்டது. அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லவே பயமாக இருந்தது. கேட்டுக்கொண்டே பருப்பைக் களைந்து உலையில் போட்டார். அப்புறம், “எழுது. தூங்கற புள்ளைய எழுப்ப வேண்டாம்னு சொன்னவ நாந்தான்னு எழுது. எம் பேரும் போடு” என்றார். போட்டேன்.

உன்னைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் தப்பைத்தான் எழுதினேன். பரீட்சை ஹால் என்று உனக்கு எழுதிய ஏப்ரல் கடிதத்தைப் பற்றியும் எழுதவில்லை. அதைச் சொல்வதானால் நீ சொல்ல வேண்டும்.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல். எழுதிச் சொல். எழுதாமல் இருக்காதே.

உன்
வான்மதி

*

காப்பெல்
1995 ஜூன் 28

வான்மதிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாள் வந்து சேர்ந்தன. ஆசிரியருக்கு எழுதியது காலையில், எனக்கு எழுதியது மத்தியானம். அவர் கூப்பிட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

உங்கள் பதினைந்தையும் எடுத்தாயிற்று. ஏப்ரல் கடிதத்தையும் நானே காட்டினேன், அவருக்கு மொழிபெயர்த்து. அதன்பின் மிச்சமிருந்த நாற்பத்தேழும் எப்படி நிரப்பப்பட்டன என்று கேட்டார். அவையும் தபாலில் வந்தவைதான், யார் பக்கத்தில் இருந்து எழுதியவை என்று தெரியாது என்றேன். சிகாகோவுக்கு நான் போகவில்லை. ஃபெல்லோஷிப் டிசம்பர் வரைதான். அதற்குள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாள் அனுப்புவது கிடையாது. வீடு வீடாகப் போய், தாயைத் தனியாக உட்கார வைத்து, ஹாஸ்பிடல் காகிதத்தைப் பார்த்து எழுதிக்கொள்வது. இதைத் திட்டம் போட்டுக் கொடுத்தது நான். அவர் ஒப்புக்கொண்டார்.

நீ செய்தது சரி. இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜனவரி பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் நான் உனக்குப் போன் செய்தேன். முகுந்துக்கு அன்று பிறந்தநாள், அதனால் தேதி மறக்கவில்லை. நீதான் எடுத்தாய். “குழந்தை எப்படிடி?” என்றேன். “நல்லாத் தூங்கறாடி” என்றாய். உன் பில் நகலைப் பார்த்தேன். அன்றைக்கு ஓவியா விளக்குக்கு அடியில் இருந்திருக்கிறாள். குளிக்க வீட்டுக்கு வந்திருப்பாய் போலிருக்கிறது. அன்று என் கையில் கேள்வித்தாள் இல்லை. யாரும் உரக்கப் படித்துச் சொல்லவுமில்லை. நான்தான் கேட்டேன், வான்மதி. படிவத்தில் எழுதியதைவிட எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஆகஸ்டில் நியூ ஜெர்சி வீடுகளுக்கு எங்கள் டிபார்ட்மென்டிலிருந்து ஒரு பெண் வருவாள். உன் பெயரும் பட்டியலில் இருக்கிறது. நான் வரவில்லை. வேறு ஆளை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்.

ஷ்யாமளா