மூடி வைத்த வாளி

மார்ச் 4
இன்றும் தொட்டியில் படிந்த உப்பு மாவாய் வந்தது. வடிதுணி அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாய் இறங்கியது. அதே தொட்டி, அதே இரண்டு கரைசல், அதே கலக்கி. காலை ஷிப்ட்டில் அக்கா வீட்டுக்காரர் செய்தால் மட்டும் ரவைபோல மணிமணியாய் வருகிறது. எப்படி? மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசமும் இப்படியே வந்தா உங்களுக்கு வேலை இல்ல."

மார்ச் 6
கரைசல் வால்விலும் கலக்கியின் வேகத் திருகிலும் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மாமா எதையோ திருகிவைத்துவிட்டுப் போகிறார்.

மார்ச் 7
கோடு நகரவில்லை. மனுஷன் கெட்டிக்காரர்.

மார்ச் 9
என் ஷிப்ட்டுக்குச் சீக்கிரமே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூலையில் சாக்குப் போட்டு மூடிய இரண்டு வாளிகள். கரைசலைத் திறக்குமுன் ஒன்றைத் தொட்டியில் கவிழ்த்தார். உள்ளே போய்க் கேட்டேன்.

"இன்னொண்ணு கொழுந்தியாளுக்கு. தெனமும் வெச்சிட்டுத்தான் போறேன், நீ ஊத்துறதே இல்ல. மொதல்ல அத ஊத்து" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குக் காது குத்துகிறாரா? வாளியில் பழைய கலவை, அடியில் வண்டல். என் பொடியைக் கெடுக்கத்தானே இது? சாக்கடையில் கொட்டினேன்.

மார்ச் 11
மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன்: செய்முறைக் குறிப்பில் இல்லாததை மாமா தொட்டியில் சேர்க்கிறார்.

மார்ச் 12
மாமாவை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா போனை எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம்!

மார்ச் 16
காலை ஷிப்ட்டில் இப்போது புது ஆள். அவருக்கும் மாவுதான் வருகிறது. அப்படியானால் அந்த வாளி?

மார்ச் 17
மூலையில் மாமா கடைசியாக நிரப்பி வைத்த வாளி ஒன்று இன்னும் கிடந்தது. வருவது வரட்டும் என்று ஊற்றிவிட்டுக் கரைசலைத் திறந்தேன்.

மணி. அத்தனையும் மணி. இருபது நிமிடத்தில் வடிந்துவிட்டது. ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்.

மார்ச் 18
பேக்கிங் அறையில் மாமா. என் மாவு பறந்து புருவமெல்லாம் வெள்ளை. வாளியை ஊற்றிப் பார்த்ததைச் சொன்னேன். அவர் விளக்கினார்.

"பழைய மணி கொஞ்சம் கெடந்தா புதுசு அது மேல படிஞ்சு வளரும்மா. இல்லேன்னா ஒவ்வொண்ணும் தனித்தனியாப் பொறந்து பொடியாவே நின்னுடும்."

"ஏன் மாமா இத அப்பவே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? கோடுல்ல போட்டுட்டு இருந்த."

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாளை முதல் மாமா தொட்டிக்கு, நான் பேக்கிங்குக்கு. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் இன்னும் பேசவில்லை, பயமாக இருக்கிறது.

கிளம்புமுன் என் தொட்டியிலிருந்து ஒரு வாளி பிடித்து, சாக்குப் போட்டு மூடி, மூலையில் வைத்துவிட்டு வந்தேன்.