இருபதுக்குப் பிறகு அடுத்த ஆளின் விரல்

பிரெடெரிசியா
டென்மார்க்
4.3.2025

அன்பான தம்பி சிந்துஜனுக்கு,

நான் சுகம். நீயும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாய் இருக்கவேண்டும். போன் எடுத்தால் ‘மீற்றிங்’ என்கிறாய், அதனால் எழுதுகிறேன். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

என்னோடு முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் எமிலியா, கிரீன்லாந்துக்காரி, அழுதுகொண்டு ஓர் அறிக்கையைக் காட்டினாள். அவளுடைய மகன் நீக்கிலாசுக்கு ஏழு வயது. அறிவு வளர்ச்சி போதாது, சிறப்புப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே உளவியலாளரின் கையெழுத்து உன்னுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘எண்ணச் சொன்னால் சப்பாத்தைக் கழற்றுகிறான். பிறகு அனுமதியில்லாமல் பரிசோதகரின் கையைப் பிடித்து இழுக்கிறான்.’ இதை எழுத உனக்குக் கூசவில்லையா? அவர்களுடைய பழைய எண்ணிக்கை அப்படித்தானாம். ஒரு கை, மறு கை, ஒரு கால், மறு கால். இருபதோடு ஓர் ஆள் முடிந்துவிடும். இருபத்தொன்றுக்கு அடுத்த ஆளின் விரல் வேண்டும். அந்த அறையில் உன்னை விட்டால் வேறு யார் இருந்தது? தாய் ஆசையாய்ச் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை பிழையில்லாமல் செய்திருக்கிறான்.

நீ கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு, விரல் கணுக்களில் பெருவிரலை ஓட்டி நூற்றெட்டு எண்ணுகிறாயே, உன்னை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது?

பதினெட்டாம் திகதி நீக்கிலாசைப் பற்றி முடிவெடுக்கப் பாடசாலையில் கூட்டமாம். அதற்குள் திருத்து.

அன்புடன்,
அக்கா யோகமலர்


ஓகூஸ்
9.3.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கோபம் விளங்குகிறது. தேடிப் பார்த்தேன், நீங்கள் சொன்னது உண்மைதான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பரிசோதனையில் கால்விரலுக்குப் புள்ளி இல்லை, அக்கா.

இந்த வேலையில் நான் நின்றுபிடிக்கப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இதைத் திருத்தினால் நான் முன்பு எழுதிய மற்றப் பிள்ளைகளின் அறிக்கைகளையும் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அவற்றில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தயவுசெய்து பெரிதாக்காதீர்கள். சிறப்புப் பாடசாலையும் நல்ல பாடசாலைதான்.

ஞாயிறு சாப்பிட வருகிறோம். மகன் றொனிஷன் உங்கள் ஆட்டிறைச்சிக் கறி வேண்டும் என்று நிற்கிறான்.

அன்புத் தம்பி,
சிந்துஜன்


பிரெடெரிசியா
12.3.2025

சிந்துஜன்,

நல்ல பாடசாலை என்றால் றொனிஷனை அனுப்பு.

தெரியாமல் எழுதினாய், அதைப் பொறுப்பேன். தெரிந்தபிறகும் மாற்றமாட்டேன் என்கிறாயே, அதை எப்படிப் பொறுப்பது? எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டு அதே கையால் ஆட்டிறைச்சி கேட்கிறாய்.

நீ எழுதியதை எமிலியாவுக்கு டேனிஷில் ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டேன். ‘அந்த உளவியலாளர் உனக்கு யார்?’ என்று என்னைக் கேட்டாள். அதுவரை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

“என்ர தம்பி” என்றேன். வாயிலே தமிழ்தான் வந்தது. பிறகு டேனிஷில் சொன்னேன். வெட்கத்தில் என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கூட்டத்துக்குத் தாய் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிவரலாமாம். நான் லீவு எடுத்துவிட்டேன். மேசையில் உனக்கு நேரே இருப்பேன். நீயாகச் சொல்லாவிட்டால், நீ எனக்கு எழுதியதை அங்கே நான் வாசிப்பேன். ஞாயிறு வரவேண்டாம்.

இப்படிக்கு,
எமிலியாவோடு வருபவள்,
யோகமலர்