வெறும் வீடு என்று எழுதியிருக்கிறார்கள்

மார்ச் 3, திங்கள்

மழை. பஸ் தாமதம். குடைக்கம்பி முறிந்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

மதியம் தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். ஹொலண்டில் நாங்கள் முதலில் இருந்த தீவுக் கிராமம். அங்கே பழைய வீடுகளின் வரலாற்றை ஊர்க்காரர் எழுதி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு அதையே பலகையாக ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாட்டப் போகிறார்களாம். எங்கள் வீடும் உண்டு. கீழே தம்பி எழுதியது: "அக்கா, எங்கட மாளிகை."

டச்சு மறக்கவில்லை. வாசித்தேன். திமிங்கிலம் பிடித்த ஒரு கப்பல் தலைவன் கட்டியது. பிறகு அவன் மகன். பிறகு ஒரு பேக்கரிக்காரன். பிறகு ஒரு விதவை, அவளுடைய ஆடுகள். ஆடுகளுக்கு ஒரு முழு வரி. பிறகு: "அதன்பின் சில ஆண்டுகள் வீடு வெறுமையாக மூடிக் கிடந்தது." பிறகு இப்போதைய சொந்தக்காரர், விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறவர்.

அந்தச் சில ஆண்டுகள் நாங்கள். அப்பா, அம்மா, நான். அகதிகளுக்கென்று நகரசபை தந்த வீடு. தம்பி பிறந்ததே அங்கேதான். ஆஸ்பத்திரியில் இல்லை, அதே வீட்டு முன்னறையில். அந்த நாட்டு வழக்கம். மருத்துவிச்சி சைக்கிளில் வந்தாள்.

எனக்கு வேலை இங்கே கவுன்சிலில், வீடுகளைக் கவனிக்கிற பிரிவில். ஒரு வீட்டை வெறுமை என்று பதிவதற்கு முன் ஆள் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இவர்களுக்கு அதுகூட இல்லை.

 

மார்ச் 4, செவ்வாய்

தம்பிக்கு ஃபோன். அவன் டயர் கடையில் நிற்கிறான், பின்னால் காற்றடிக்கிற சத்தம்.

"உன்னை அம்மா வெறும் வீட்டில பெத்தவவாம்."

"அப்ப நான் பேயோ அக்கா?" சிரிக்கிறான்.

"சிரிக்காதை."

"விடுங்கோ அக்கா. அகதி எண்டு சுவரில பேர் வந்தா என்ன சந்தோசம்? நான் பெண் எடுத்த மாமா வீட்டுக்காரர் நான் ஆம்ஸ்டர்டாம் பிறப்பு எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"ஆர் சொன்னது அவைக்கு?"

"நான்தான்."

வைத்துவிட்டேன்.

அம்மா அதற்கு மேலே. "ஆரும் எங்களைப் பாக்கக்கூடாதெண்டுதானே இருந்தனாங்கள். இப்ப ஏன் சண்டை?"

அது உண்மை. அந்த ஊரில் யாரும் யன்னல் திரையை மூடுவதில்லை. இரவிலும் விளக்கு எரியும், உள்ளே சாப்பிடுகிறவர்களைத் தெருவில் போகிறவன் பார்க்கலாம். எங்கள் வீட்டில் மட்டும் பகலிலும் திரை. போர் நடந்த எங்கள் ஊரில் ஹெலிகொப்டருக்குப் பயந்து வெளிச்சம் வெளியே தெரியாமல் இருந்த பழக்கம் என்று நினைத்துக்கொள்வேன். எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்குள்ளும் நான் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குள் ஒருவரும் பார்க்கவில்லை.

நாளை: மாத்திரை. குடை. வரலாறு எழுதியவருக்கு மெயில்.

மார்ச் 6, வியாழன்

குளிர். மாத்திரை எடுத்தாயிற்று.

எழுதியது யார் என்று தெரிந்துவிட்டது. எல்ஸ். பக்கத்து வீட்டு எல்ஸ். பள்ளியில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள். என் இடியப்பத்தை நூல் என்று சொல்லிச் சிரித்து, பிறகு பாதியைத் தின்றவள்.

பதில் வந்தது, நீளமாக. உன்னை மறப்பேனா என்கிறாள். உங்கள் வீட்டுத் திரை எப்போதும் மூடியிருந்தது, நீங்கள் பார்க்கப்பட விரும்பவில்லை என்று என் அம்மா சொல்வாள், எழுதினால் உங்களுக்கு நோகும் என்று விட்டேன், இது மரியாதை.

மரியாதையாம். மரியாதையாக நாலு பேரை அழித்திருக்கிறாள். தெரியாமல் விட்டிருந்தாலாவது மன்னித்திருப்பேன்.

கடைசியில்: திங்கட்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது. உன் அம்மா தானே சம்மதம் சொன்னால் மாற்றுகிறேன்.

ஆடுகளிடம் சம்மதம் கேட்டாளா?

மார்ச் 8, சனி

கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன்.

"எனக்கு ஏலாது. பலகையில தொங்க நான் என்ன கள்ளியோ?"

"அப்பாவின்ர பேருக்காக அம்மா."

"அப்பா செத்துப்போனார். அவருக்குப் பலகை வேண்டாம்."

சட்டியை அடுப்பில் ஓங்கி வைத்தேன். பருப்பு அடிப்பிடித்தது. இருவரும் வெறும் பாண்ரொட்டி சாப்பிட்டோம்.

எல்ஸில் கோபம், தம்பியில் கோபம். அம்மாவில்தான் அதிகம். வாழ்நாள் முழுக்க மெதுவாய்க் கதைக்கப் பழக்கினாள். அலுவலகத்தில் இன்றும் என் குரல் யாருக்கும் கேட்பதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வீம்புக்கு அந்த வீட்டு வரலாறு முழுவதையும் அவளுக்குத் தமிழில் வாசித்தேன். கேட்கவே வேண்டும் என்று.

விதவையின் ஆடுகள் வந்தபோது, "அதுதான் பின்பக்கம் அந்த மணம்" என்றாள். வெறும் வீடு என்ற வரி வந்தபோது கீரை உருவினாள்.

அடுத்தது, இதுவரை நான் சரியாகக் கவனியாதது: "முன்னறைக் கணப்படுப்பில் பதித்த நீல ஓடுகளில் ஒரு கறுத்த கறை உண்டு. கடலுக்குப் போன கணவன் திரும்பும் வரை கப்பல் தலைவனின் மனைவி அணையவிடாமல் எரித்த நெருப்பின் அடையாளம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்."

அம்மாவின் கை நின்றது.

"எந்த ஓடு?"

"கப்பல் படம் போட்டது. ஃபோட்டோவில தெரியுது."

"அது என்ர பால்."

எனக்கு விளங்கவில்லை.

"குடிபுகுந்த அண்டைக்குக் கரண்ட் வரேல்லை. பால் காய்ச்சாமல் வீட்டுக்குள்ள படுக்கிறதோ? அதுக்குள்ள மூண்டு கல்லு வைச்சு அப்பா நெருப்பு மூட்டினவர். பொங்கி ஓடெல்லாம் வழிஞ்சு கருகிப்போச்சு. மணலாலையும் தேய்ச்சுப் பாத்தன், போகேல்லை. சாமானைப் பழுதாக்கிப்போட்டினம் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம். தெருவால போறவைக்குத் தெரியக்கூடாதெண்டுதான் திரையை இழுத்துவிட்டனான்."

ஹெலிகொப்டர் இல்லை. ஒரு ஓட்டுக் கறை.

அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அப்பாவின் செத்தவீட்டில்கூட அப்படிப் பார்க்கவில்லை. "எடு ஃபோனை. கப்பற்காரன்ர பெண்சாதி காய்ச்சினவவாமோ?"

வீடியோவில் எல்ஸ். நரைத்துவிட்டாள். டச்சில் நலம் கேட்டாள். அம்மா ஃபோனை என்னிடமிருந்து பறித்து, முப்பது வருடம் பேசாத மொழியில், உரக்க: "தாத் இஸ் மைன் மெல்க்." அது என்ர பால்.

நான் மிச்சத்தை விளக்கினேன். எல்ஸ் இதை எழுதலாமா என்று கேட்டாள்.

"எழுதச் சொல்லு. முழுப் பேர். அப்பான்ரயும். தம்பி அங்கதான் பிறந்தவன் எண்டும் போடட்டும். அவன்ர மாமா வீடு வாசிக்கட்டும்."

பிறகு எல்ஸ் மெதுவாக: "திரை எப்போதும் மூடியிருந்ததே. நாங்கள் வரக்கூடாது என்றுதானே நினைத்தோம்."

அம்மாவுக்குச் சொன்னேன். கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளினாள். என்னைப் பார்க்கவில்லை.

"திரை மூடித்தான் கிடந்தது. கதவில மணி இருந்தது எண்டு சொல்லு."

சொன்னேன். குரலைக் குறைக்காமல்.