முதல் கை உளுந்து

புரட்டாசி 9, செவ்வாய்

இந்நேரத்துக்கு எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள், வேணி. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இவருக்கு மில்லில் இரவு ஷிப்ட். பகல் முழுக்க வெயில், இப்போது இலை அசையவில்லை.

இந்த நோட்டை நீ படிக்கப் போவதில்லை. சபை ஊழியத்தில் இருக்கிற உனக்கு வீட்டாரோடு பேச, மெசேஜ் பார்க்கத் திங்கட்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் சொல்ல வருவதை எங்கே கொட்ட? இங்கே. உன்னிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டால்தான் பேனா ஓடுகிறது.

நேற்று நீ போனில் சொன்னது ஒவ்வொன்றும் இன்னும் காதில்:

காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். நீயா! அம்மா தண்ணீர் தெளித்தாலும் அசையாதவளா!

எங்கே போனாலும் இரண்டு பேராக. கூட இருப்பவள் மிசோரம் பெண். ரசத்தைக் கண்டால் ஓட்டம், நம்ம ஊர்க் கடலை மிட்டாயை மட்டும் ஒளித்து வைத்துத் தின்கிறாள்.

டீ, காபி, சினிமா கிடையாது. திங்களன்று துணி துவைக்க, காய் வாங்க, வீட்டுக்குப் பேச.

நீங்களாக எந்த வீட்டுக் கதவையும் தட்டக்கூடாது. "கூப்பிட்ட வீட்டுக்குத்தான்க்கா போவோம். கூப்பிடுத வரைக்கும் காத்துக் கெடக்க வேண்டியதுதான்."

அப்புறம் அந்த ஆட்டோக்காரர் வீடு! நீ தனியாக எடுத்த முதல் பாடம். விசுவாசத்தைப் பற்றி. மனப்பாடம் செய்ததெல்லாம் பாதியில் மறந்து, கடைசியில் நம்ம அப்பாவைச் சொன்னாயாமே. "எங்க அப்பா மழைக்கு முன்னாடியே காஞ்ச புழுதியில விதைப்பாவ. வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்காது. விதைச்சிட்டு வந்து நிம்மதியா உக்காந்து சாப்பிடுவாவ. விசுவாசம்னா எனக்குத் தெரிஞ்சது அதுதான்." ஆட்டோக்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரமும் வாங்க என்றாளாம். எனக்குப் புல்லரித்து, இடுப்பில் பாப்பாவோடு அடுக்களையிலேயே குதித்தேன். தோசை கருகிப் போனது. போகட்டும்.

ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அப்பா இந்த வருஷம் இன்னும் விதைக்கவில்லை.

புரட்டாசி 10, புதன்

பாப்பாவுக்கு நேற்றுத் தடுப்பூசி. இன்று காய்ச்சல். நெற்றியைத் தொட்டுத் தொட்டு என் கைதான் சுட்டது. ஊசிக்காய்ச்சல்தான், எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். தெரியும். எம்.எஸ்சி. படித்தவள்தான். தெரிந்து என்ன?

நீ சொல்லிக்கொடுத்த மாதிரி கடவுளிடம் பேசிப் பார்த்தேன். மந்திரம் வேண்டாம், பாட்டு வேண்டாம், அப்பாவிடம் பேசுகிற மாதிரி, முதலில் நன்றி, அப்புறம் கேட்க வேண்டியது. "இந்தப் பிள்ளையைக் கொடுத்ததுக்கு நன்றி. இவ சூட்டைக் குறைச்சுவிடுங்க." மருந்தும் கொடுத்தேன். மதியம் குறைந்தது. கடவுளுக்கும் மருந்துக்கும் நன்றி சொல்லிவிட்டேன்.

அம்மா போன். நம்ம புதூர்ப் பக்கம் எல்லாரும் விதைத்தாயிற்றாம்.

"நம்ம புஞ்சை மட்டும் மொட்டையா கெடக்கு சுமதி. கேட்டா டிராக்டர் வரலங்காவ. டிராக்டரு நம்ம வாசல்லதான் நிக்கி!"

காரணம் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை முதல் கை விதையை அள்ளி அப்பா மடியில் போட வேண்டும். அதன் பிறகுதான் எதுவும். நான் கல்யாணமாகி வந்த பிறகு அது உன் கை. இந்த வருஷம் நீ கோயம்புத்தூரில்.

ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருஷம் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபை ஊழியத்துக்குப் போகிறேன் என்று நீ பையோடு நின்ற அன்று அப்பா சொன்ன வார்த்தை: "போ. ஆனா நானாக் கூப்பிடுத வரைக்கும் எங்கிட்டப் பேசாத." நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். அவரும்தான். உன் திங்கட்கிழமை போன் அடித்தாலே ஆட்டைப் பார்க்கிறேன் என்று எழும்பிப் போய்விடுகிறார். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு கிழட்டு ஆடு. அதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்?

மழை முந்திக்கொண்டால் முடிந்தது. கரிசல் நனைந்தால் காலை விடாது, டிராக்டரையும் விடாது. காய்ந்து உள்ளே இறங்குவதற்குள் பருவம் போய்விடும்.

புரட்டாசி 12, வெள்ளி

வாங்க: பாப்பா பவுடர், ரவை, கொசுவத்தி, அம்மாவுக்கு வெல்லம், நாமக்கட்டி (நாளை சனி).

சாயங்காலம் கிழக்கே உருட்டல். மாடிக்கு ஓடினேன். துணி எடுக்க அல்ல. மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க. கடல் பக்கமே நின்று கலைந்துவிட்டது. அப்பாடா. ஊரே மழைக்கு ஏங்கும்போது, வராதே வராதே என்று கும்பிட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இவர் கேலி: "தங்கச்சி பாடமெல்லாம் போன்லயே கேட்டு முடிச்சிருவ போலயே. உனக்கும் அவள மாதிரி சட்டையில குத்த ஒரு பேர் அட்டை அடிச்சிருவமா?"

"அடிங்க. உங்க பேரைத்தான் போடுவாவ."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் யோசனை நிற்கவில்லை. நான் உன் வழிக்கு வருவேனா? தெரியாது. எனக்குப் பெருமாளும் வேண்டும். ஒரு அப்பாவிடம் சும்மா பேசுகிற மாதிரி பேசுவதும் பிடித்திருக்கிறது. இதில் எது தப்பு என்று கேட்க ஆளில்லை. நாளை பாப்பாவோடு புதூர் போகிறேன்.

புரட்டாசி 13, சனி

எழுதியே ஆக வேண்டும். கை நிற்கவில்லை!

வரிசையாகச் சொல்கிறேன். கோவில்பட்டியிலிருந்து பஸ். ஜன்னலோரம். வழி நெடுக விதைத்த நிலம், கோடு கோடாக. நம்ம புஞ்சை மட்டும் பெருக்காத வாசல் மாதிரி.

வீட்டில் அம்மா விரதம், அடுப்பில் சர்க்கரைப் பொங்கல். பெருமாள் படத்துக்கு முன்னால் நார்ப்பெட்டியில் விதை உளுந்து, மேலே மஞ்சள் கிழங்கு, வாடிப்போன செவ்வந்தி. எத்தனை நாளாக அங்கே இருக்கிறதோ. அப்பா டிராக்டர் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு கை அள்ளிக்கொண்டு போனேன். "அப்பா, நான் தாரேன். நானும் உங்க பிள்ளைதான?"

"வையிட்டி அதை. நீ அந்த வீட்டுப் பிள்ளை." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் சுருக்கென்றது. விரலிடுக்கில் ஒட்டியதையும் தட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

நீ நாளை இரண்டு வேளை உபவாசம் இருக்கப் போவதை அம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாக.

"ரெண்டு வேளையா? தண்ணி குடிக்கலாம்ல?"

"தண்ணியும் கிடையாதும்மா."

"அடியாத்தி! நம்ம பெருமாளே தண்ணி குடிக்க விடுவாரே. எதுக்காம்?"

"அப்பா பேசணும்னு."

டயர்ப் பக்கம் அப்பா ஒரு மண்கட்டியை எடுத்து நசுக்கினார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சங்கரண்ணாச்சி பொங்கல் வாங்க வந்தார். பாப்பா என் போனை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினார். திரையில் திங்களன்று நீ அனுப்பிய படம்.

"யாரு, நம்ம வேணியா? என்ன, சட்டையில அட்டை குத்தியிருக்கு? ஜவுளிக்கடையிலயா நிக்கிதா? ஆஸ்பத்திரின்னுல்லா சொன்னிய?"

அம்மா கரண்டியைத் தேட ஆரம்பித்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

அண்ணாச்சி போனைத் தள்ளிப் பிடித்து, பஸ் போர்டு வாசிப்பதுபோல வாசித்தார். "சகோதரி... பெருமாள்சாமி." நிறுத்தினார். "ஏ பெருமாள்சாமி! உம் பேரையில்லாவே குத்திக்கிட்டுத் திரியுதா!"

அப்பா எழும்பி வந்தார். "அவ பேரு எங்க?"

"அவ பேரு இல்ல. உம் பேருதான்."

நான் முந்திக்கொண்டேன். அவங்க சபையில் குடும்பப் பேரைத்தான் சொல்லிக் கூப்பிடுவாங்க, நமக்குக் குடும்பப் பேர் ஏது, அப்பா பேர்தானே, அதனால் காலையிலிருந்து ராத்திரி வரை எல்லாருக்கும் அவள் சிஸ்டர் பெருமாள்சாமிதான். சிஸ்டர் பெருமாள்சாமி சாப்பிட்டீங்களா, சிஸ்டர் பெருமாள்சாமி பாடம் எடுங்க. மூச்சு விடாமல் சொன்னேன்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை, துண்டால் கண்ணைத் துடைக்கிறார். "கோயம்புத்தூர் பூரா உம் பேருதாம்வே! இங்கன ரேசன் கடையில உம்ம ஒருத்தன் மதிக்க மாட்டான்!"

அப்பா சிரிக்கவில்லை. போனை வாங்கினார். ஆறு மாதத்தில் முதல் முறையாக உன் முகத்தைப் பார்க்கிறார், வேணி.

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"அவங்க சபைப் பேருப்பா. இயேசு பேரு."

"மேல என் பேரா?"

"ஆமாப்பா."

விரல் பட்டுப் படம் நழுவி, பாப்பா படம் வந்துவிட்டது. பதறிப் போனார். "எங்கட்டி போயிட்டா?" மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சூட்டிலேயே ஆட்டோக்காரர் வீட்டுப் பாடத்தையும் சொல்லிவிட்டேன். புழுதியில் விதைப்பது, நிம்மதியாகச் சாப்பிடுவது, எல்லாம். கேட்டுவிட்டுப் புஞ்சைப் பக்கம் திரும்பினார்.

"நிம்மதியாவா சாப்பிட்டேன்? விதைச்ச அன்னைக்கு எனக்குச் சோறே இறங்காது. பிள்ளைங்க பாக்குதுகளேன்னு ரெண்டு வாய் அள்ளிப் போடுவேன். ராத்திரி பூரா வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். அது அவளுக்குத் தெரியாது."

எனக்கும் தெரியாது, வேணி. வீடு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பயந்தவர்தான் விதைத்திருக்கிறார், வருஷா வருஷம். பாப்பா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற எனக்கு இதைவிட ஆறுதலாக யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஆனால் அவ்வளவுதான். விதைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ் ஏற்றிவிடும்போதும் இல்லை.

புரட்டாசி 14, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மாவு பொங்கி வழிந்துவிட்டது.

மதியம் கதவில் தட்டல். அப்பா! வேட்டி கட்டி, தலை சீவி, கையில் மஞ்சப்பை. நான் கூப்பிடாமல் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்துவிட்டேன்.

"பயப்படாத. ஒண்ணுமில்ல."

பையைத் திறந்து காட்டினார். துண்டில் முடிந்த உளுந்து. கூடவே அந்த மஞ்சள் கிழங்கு.

"கோயம்புத்தூர் ரயிலு எப்பம்?"

"எதுக்குப்பா?"

"அவ ஒரு கை அள்ளித் தரட்டும். வாங்கிட்டு அடுத்த ரயில்ல வந்திருவேன். டிராக்டர் நிக்கி."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நாளைக்கு அவளோடு போனில் பேசலாமேப்பா என்றேன்.

"போன்ல விதை குடுக்க முடியுமாட்டி?"

சாப்பாடு எடுத்து வைத்தேன். உட்காரவில்லை. "அவ எப்பம் சாப்பிடுவா?"

"சாயங்காலம்."

"அப்பம் சாயங்காலம் பாப்போம்." தண்ணீர்ச் செம்பையும் தள்ளி வைத்துவிட்டார்.

அதற்கு மேல் மறைக்க முடியாமல் விதியைச் சொன்னேன். ஊழியத்தில் இருக்கிறவர்களை வீட்டார் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது, அவர்கள் தலைவரிடம் கேட்க வேண்டும்.

முகம் சிவந்தது. "பெத்த பிள்ளையப் பாக்க எவன்ட்டக் கேக்கணும்?" எழும்பிப் பையை எடுத்தார். போச்சு என்று நினைத்தேன். வாசல்வரை போனவர் செருப்பில் கால் நுழைக்காமல் நின்றார்.

"கூப்பிட்டாத்தான் பேசணும்னு நானும் சட்டம் போட்டவன்தான. அதை இம்புட்டு நாளு மீறலியே அவ." திரும்பி வந்து உட்கார்ந்தார். "கேளு. கேட்டுத்தான் வரணும்னா, கேட்டே வாரேன்."

சாயங்காலம் விளக்கு வைத்ததும் சாப்பிட்டார். மூன்று தோசை. இப்போது ஹாலில் படுத்திருக்கிறார், பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு. தூங்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கிறார். கிழக்கே மின்னிக்கொண்டிருக்கிறது.

அனுப்பப் போகிற மெசேஜை இங்கே எழுதிப் பார்க்கிறேன், அவசரத்தில் தப்பாகிவிடக் கூடாது:

வேணி, அப்பா எங்க வீட்டுல இருக்காங்க. முதல் கை உளுந்து கொண்டு வந்திருக்காங்க. நீதான் அள்ளித் தரணுமாம். திங்கள் ராத்திரி ரயில்ல ஏறி வருவாங்க. ஸ்டேஷன்லயே பத்து நிமிஷம் போதும், கூட இருக்கிற பொண்ணும் வரட்டும். உங்க தலைவர்ட்ட உடனே கேளு. கூப்பிட்ட வீட்டுக்குப் போவோம்னு சொன்னல்ல, நம்ம அப்பா கூப்பிடுதாங்கன்னு சொல்லு. மழை நெருங்குது. இதைப் பார்த்ததும் பதில் போடு.